கொஞ்சம் கூடுதலாகக் காய்ந்த தேர்

மரம் காய்ஞ்சா கனம் குறையும், இது பச்சப்பிள்ளைக்கும் தெரியும். எங்க வேங்கையடியில ஒரு வருசம் கொஞ்சம் கூடுதலாக் காய்ஞ்சு போச்சு, அதனால தேரு தரையில நிக்க மாட்டேன்னுச்சு, அவ்வளவுதான் விசயம், இதுக்குப் போயி யாரும் வாயப் பொளக்க வேண்டாம். வெளியூர்க்காரங்க வந்தா எப்படி எப்படின்னு அதையே நோண்டுதாங்க. எப்படிங்கிறதா முக்கியம்? பெறகு என்ன ஆச்சுன்னு கேளுங்க, சொல்லுதேன்.

எங்க ஊரு மலையடி. மேக்க மலை, மலையில மரம், மரத்த நம்பி நாங்க. தடி ஏத்துன லாரியும் மரமில்லுச் சத்தமும் மரத்தூளுமாத்தான் எங்க பொழுது போகும். ஊருக்கு மேக்க ஒரு மர ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அங்கன மரத்த நாம பாக்குற மாதிரி பாக்க மாட்டாங்க. தூளாக்குவாங்க, வேக வைப்பாங்க, வடிப்பாங்க, மரத்துல இருந்து சீனி எடுப்பாங்க, பசை எடுப்பாங்க, சாராயம் எடுப்பாங்க, அது குடிக்கிறதுக்கில்ல வண்டிக்கு ஊத்துறதுக்குன்னு போர்டு போட்டிருந்தும் எங்க ஆளுக சில பேரு வேலி தாண்டிப் போயி விசாரிச்சிட்டு வந்தாங்க. மரத்துக்குள்ள நார ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பிடிச்சு வைக்கிற ஒரு சத்து இருக்காம், அத அவங்க வேக வைக்கிற அன்னைக்கு ஊரு பூராவும் ஐஸ்கிரீம் வாசம் அடிக்கும், கைப்பிள்ளைக எல்லாம் காரணமில்லாம அழும்.

அந்த நிலையத்துல டாக்டரா இருக்கிறது என் நாத்தனா பேச்சிக்கனி. ஊசி போடுற டாக்டரில்ல, மரத்துக்கு டாக்டரு. மரம் எப்படித் தண்ணியக் குடிக்குது, எப்படி விடுதுன்னு படிச்சுப் பட்டம் வாங்குனவ. பொறந்து வளந்தது எங்க ஓடக்கரத்தெருவுலதான், இப்பவும் எங்க கூடத்தான் இருக்கா. தர்மகர்த்தா திருமலைக்கொழுந்து நிலையத்துக்குள்ள வந்தாருன்னா அவளுக்கு "டாக்டரம்மா, நல்லா இருக்கீங்களா"ன்னு ஒரு கும்பிடு போடுவாரு. அதே மனுசன் கடைவீதியில பாத்தா "ஏ பிள்ள, எங்க போற?" கேட்டுக்குள்ள ஒரு நாக்கு, கேட்டுக்கு வெளிய ஒரு நாக்கு. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

இப்ப விசயத்துக்கு வருதேன். வேங்கையம்மைக்கு ஆனி மாசம் தேரோட்டம். தேரு நாலு ரதவீதியும் சுத்தும், கீழ ரதவீதியில எங்க தெரு முக்கு வரைக்கும் வரும், அங்கன வந்து எங்களுக்கு முதுகக் காட்டிட்டுத் திரும்பிப் போயிரும். நாங்க தெரு முக்குல நின்னு அந்த முதுகுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வீட்டப் பாக்க வரணும். ஏன் உள்ள வராதுன்னு கேட்டா ஒரே பதிலு: "தேரு கனம். உங்க தெரு ஓடக்கர மண்ணு, தாங்காது. பொதஞ்சா யாரு பொறுப்பு?" அதே மண்ணு மேலதான் தினமும் தடி ஏத்துன லாரி போகுது, அது பொதையல. எங்களுக்குக் கல்யாணமான புதுசுல எங்க வீட்டுக்காரரு கூட்டத்தோட கூட்டமா வடத்துல கையப் போட்டுட்டாரு. தொட்டதுக்கு அடி வாங்கி, நெத்தியில தையலோட வந்தாரு மனுசன். அதுக்குப் பெறகு எங்க தெருவுல எவரும் அந்தப் பேச்ச எடுக்கல, கனியத் தவிர. அவ ஒவ்வொரு வருசமும் கோயில் கமிட்டிக்கு முன்னால போயி நின்னு கேப்பா, அவங்களும் சலிக்காம மண்ணச் சொல்லுவாங்க.

பழைய தேரக் கரையான் தின்னு தீத்துருச்சு. புதுத் தேரு செய்யணும்னு முடிவாச்சு, இரும்பு அச்சு வேண்டாம், ஆணி கூட மரத்துல இருக்கணும்னு தர்மகர்த்தா பிடிவாதமா நின்னாரு. மேலவீதிக்காரங்க வேங்கை கொடுத்தாங்க, தெக்குவீதி மருது, வடக்குவீதி இலுப்பை, கீழவீதி கோங்கு. நாங்களும் கொடுக்கோம்னு போயி நின்னோம், மரம் போதும்னுட்டாங்க. வந்த மரம் எல்லாம் பச்ச மரம், திருவிழாவோ பக்கத்துல. அதனால நிலையத்துல மரத்த அடுக்கிச் சூடும் ஆவியும் விட்டுக் காய வைக்கிற பெரிய ரூமுக்கு அத்தனையும் போச்சு.

காய வைக்கிறதுன்னா ஒரு கணக்கு இருக்கு, அந்த ஈரம் வந்ததும் நிப்பாட்டணும். கனியும் சரியா நிப்பாட்டுனா. ஆனா நாலு வீதி மரமும் ஒண்ணா உள்ள போகல பாத்துக்கிடுங்க, முதல் மரியாதை யாருக்குன்னு சண்ட வந்து தனித்தனியாப் போச்சு. வடக்குவீதி மரம் ஒரு சூடு கூட வாங்கிருச்சுன்னு எவனோ சொல்லிட்டான். அவ்வளவுதான், தெக்குவீதிக்காரங்க மேளத்தோட நிலையத்துக்கு வந்துட்டாங்க, எங்க மரம் என்ன எளச்ச மரமா, எங்களுக்கும் போடு, அதுக்கு மேல ஒண்ணும் சேத்துப் போடுன்னு. மறுநா மேலவீதிக்காரங்க நாதசுரத்தோட வந்தாங்க. கீழவீதிக்காரங்க அந்த ரூமுக் கதவுக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, சூடம் காட்டி, மூட்டச் சொன்னாங்க. "இதுக்கு மேல காய வச்சா வெடிச்சிரும்"னு கனி தலையால அடிச்சுக்கிட்டா. நிலையத்துப் பெரிய அதிகாரி வடக்கத்தி மனுசன், ஊர்ச்சண்டன்னா அவருக்கு உதறல், "செய்து கொடுத்து அனுப்பிவிடுங்கள், டாக்டர்"ன்னு தன் ஆபீசு ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டாரு. மரம் வெடிக்கல. மரத்துக்கும் மரியாதைதான் முக்கியமாத் தெரிஞ்சுது போல.

ஈரம் பாக்குற மீட்டருல முள்ளு பூஜ்யத்துக்கு வந்துச்சு, பெறகு பூஜ்யத்துக்குக் கீழ போச்சு. சாப்பிடும்போது இதச் சொன்னா கனி. "பூஜ்யத்துக்குக் கீழ மரத்துல என்னட்டி இருக்கும்?"னு கேட்டேன். "கடன் இருக்கும் மதினி. தண்ணிகிட்டப் பட்ட கடன்"ன்னுட்டு இன்னொரு கரண்டி ரசம் ஊத்திக்கிட்டா.

கதவத் திறந்து பாத்தா மரம் எல்லாம் கூரையில ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. தேரு செய்யுற ஆவுடையப்பன் ஆசாரி அண்ணாந்து பாத்தாரு, மூக்குப்பொடி ஒரு சிமிட்டா எடுத்துப் போட்டாரு, "சரி, தூக்குறதுக்கு ஆள் வேண்டாம்"ன்னாரு. மரத்த ஒவ்வொண்ணா இழுத்து, ஆடு கட்டுற மாதிரி முளையடிச்சுக் கட்டிப் போட்டு, அது மேல போகப் போக இவரு கீழ இழுக்க இழுக்க, யாளியும் பூதமும் அன்னமும் செதுக்க ஆரம்பிச்சிட்டாரு.

ஊருக்குப் பழகுறதுக்கு ஒரு வாரம் கூட ஆகல. ஆசாரி பட்டறையில விழுந்த துண்டு துணுக்கெல்லாம் மேல போயில்லா நின்னுச்சு, அதத் துரட்டி போட்டு இழுத்து ஆளாளுக்குக் கொண்டு போயிட்டாங்க. தண்ணிக் குடத்துக் கழுத்துல ஒரு சிராய்த் துண்டக் கட்டுனா குடம் இடுப்புல பூ மாதிரி உக்காந்துக்கிடும். பள்ளிக்கூடத்துப் பைக்குள்ள ஒரு துண்டு, நெல்லு மூட்டையில ஒரு துண்டு, முட்டுவலிக்காரங்க முட்டுக்குக் கீழ ஒரு துண்டு. டீக்கடை மாசானம் தன் தொந்திக்குக் குறுக்க ஒரு பட்டையக் கட்டிக்கிட்டு ஒரு வாரம் துள்ளித் திரிஞ்சாரு. அப்பறம் ஒரு நா காத்தடிச்சு, போஸ்ட் ஆபீசு மொட்டை மாடியில போயி உக்காந்துக்கிட்டு, ஏணி கொண்டாங்கன்னு கத்துனாரு. பொம்பளைகளுக்குத்தான் புது வேலை: மரத்தூளெல்லாம் உத்தரத்துல போயிப் படிஞ்சதால, வீட்ட மேல இருந்து கீழ பெருக்க வேண்டியதாப் போச்சு. எல்லாத்துக்கும் ஒரு வழக்கம் வந்துருச்சு. துக்க வீட்டுக்குப் போறவங்க துண்டக் கழட்டி வாசல்ல கட்டிட்டுத்தான் உள்ள போகணும்னு கூட வச்சிட்டாங்க, மிதந்துக்கிட்டே அழுதா மரியாதையா இருக்காதுல்லா.

தேரு முடிஞ்சு நின்னுச்சு. நின்னுச்சுன்னா, தரைக்கு ஒரு முழம் மேல. சாரல் படாம இருக்கத் தார்ப்பாய் போட்டு மூடி, சுத்தியும் மணல் மூட்டை தொங்க விட்டிருந்தாங்க. அன்னைக்குச் சாயங்காலமே கனி சேலைய மாத்திக்கிட்டுக் கமிட்டிக்குக் கெளம்பிட்டா, நானும் கூடப் போனேன்.

"அய்யா, இப்பத் தேருக்குக் கனமே இல்லையே. எங்க மண்ணு தாங்கணும்ங்கிற பேச்சே இல்லையே. இந்த வருசமாவது உள்ள வரட்டும்"ன்னா.

திருமலைக்கொழுந்து தொண்டையச் செருமுனாரு. "கனம் இல்லாததுதானம்மா இப்பப் பிரச்சினை. உங்க தெரு ஓடக்கர. காத்து கூடுதல். தூக்கிட்டுப் போயிட்டா யாரு பொறுப்பு?"

"கனம்னு அன்னைக்கு வரல. கனமில்லன்னு இன்னைக்கு வராதா?"

"சாமி காரியத்துல குறுக்குக் கேள்வி ஆகாது, பிள்ள."

எனக்கு வாயில வந்ததச் சொல்லியிருப்பேன், கனி என் கையப் பிடிச்சு அமுக்கிட்டா. அந்தாளு அதோட விட்டாரா? கொஞ்சங்கூடக் கூச்சமில்லாம, "அந்தக் கனத்தத் திரும்பக் கொண்டார வழி ஏதும் இருக்கா டாக்டரம்மா?"ன்னு கேட்டாரு. "இருக்கு. மரம் விட்ட தண்ணியத் திரும்பக் கேட்டுக்கிட்டேதான் இருக்கு. தார்ப்பாய எடுத்துட்டுச் சாரல்ல விடுங்க, குடிச்சுக் குடிச்சுத் தன் கனத்துக்கு வந்துரும்"னு சொன்னா. புதுசா அடிச்ச பாலிசு போயிருமேன்னு அவங்க தார்ப்பாய இன்னொரு சுத்து இறுக்கிக் கட்டுனாங்க.

வெளிய வந்ததும் நான் பிடிச்சுக்கிட்டேன். "உனக்குக் கூறு இருக்காட்டி? வழி தெரியாதுன்னு சொல்லியிருக்க வேண்டியதுதான? கெடந்து சீப்படட்டும்."

"பொய் சொல்லி என்னத்த வாங்க மதினி?"ன்னா. வீட்டுக்கு வந்து அடுப்படியில என் பக்கத்துல உக்காந்தவ திடீர்னு முகத்த மூடிக்கிட்டு அழுதா. "எனக்குத் தேரு வேணும் மதினி. மரத்தப் பத்தி ஊரு ஊராப் போயிப் பேசிட்டேன், மேடையில எல்லாம் ஏறிட்டேன், மனசு ஆறல. என் வாசல்ல அது வந்து நிக்கணும். முகத்தப் பாக்கணும். இது என்ன பெரிய ஆசையா?"

பெரிய ஆசைதாம்ட்டின்னேன். எனக்கும் அழுக வந்துருச்சு, வெங்காயத்து மேல பழியப் போட்டேன்.

தேரோட்டத்தன்னைக்குச் சாரல் ஓய்ஞ்சு மேக்க மலையில இருந்து வெறும் மேகாத்து மட்டும் அடிச்சுது. தார்ப்பாய உருவுனாங்க. அம்மைய ஏத்துனாங்க, குருக்கள் ஏறுனாரு, சாமரம் வீசுறதுக்குத் தர்மகர்த்தா ஏறுனாரு. இதுல ஒரு விசயம் இருக்கு. கனத் தேரு ஓடுறப்ப சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டு எடுக்கிறதுக்குன்னே ஒரு கூட்டம் உண்டு, அது அவங்க பரம்பரை உரிமை. தேரு மிதக்குது, முட்டுக்கட்டைக்கு வேலையில்ல, அதுக்காக உரிமைய விட முடியுமா? அதனால மணல் மூட்டையக் கழட்டி மாட்டுற வேலைய அவங்களுக்குக் கொடுத்திருந்தாங்க. மேலவீதி, வடக்குவீதி எல்லாம் நல்லபடியா வந்துச்சு. இழுக்கவே வேண்டாம், நாலு வீதி ஆம்பளைகளும் வடத்துல தொங்கிக் கீழ்ப்பக்கமா அமுக்கிக்கிட்டே நடந்தாங்க. கீழ ரதவீதியில எங்க தெரு முக்குக்கு வந்ததும், வழக்கம் போலத் தேரத் திருப்பணும். திருப்புற இடத்துல, முட்டுக்கட்டைய எடுக்கச் சொல்லி "எடு"ன்னு ஒரு குரல் கொடுக்கிறது காலங்காலமா உள்ளது. குரல் கொடுத்தாங்க. முட்டுக்கட்டைக்காரங்க பழக்க தோசத்துல அம்புட்டு மூட்டையையும் எடுத்துட்டாங்க.

தேரு எந்திரிச்சுச்சு. பைய, சாமி எந்திரிக்கிற மாதிரியே எந்திரிச்சுச்சு. வடத்தப் பிடிச்சிருந்தவங்க காலெல்லாம் தரைய விட்டுச்சு. மேலவீதிக்காரன் விடாம நான் விட மாட்டேன்னு தெக்குவீதிக்காரன், அவன் விடாம நான் எப்படின்னு வடக்குவீதிக்காரன், இப்படியே தொங்கிக்கிட்டு ஓட்டுக் கூரை உசரம் வரைக்கும் போயிட்டாங்க, பெறகு பொத்துப் பொத்துன்னு வைக்கப்போர்லயும் வாய்க்கால்லயும் விழுந்தாங்க. எவன் முதல்ல விட்டான்னு இன்னைக்கும் பஞ்சாயத்து ஓடிக்கிட்டிருக்கு.

மேகாத்து தேர எங்க தெருவுக்குத்தான் கொண்டாந்துச்சு, வேற எங்க கொண்டு போகும்? மிதந்து மிதந்து, எங்க கூரைகளுக்கு மேல வந்து, வடம் ரெண்டும் தெரு நடுவுல புழுதியில கோடு போட்டுக்கிட்டு இழுபட்டுச்சு. அதுக்கு அந்தப் பக்கம் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் வெறும் வெளி, விட்டா அம்மை எந்தச் சமுத்திரத்துல போயி எறங்குவாளோ. தெரு பூராவும் வாசல்ல நிக்கோம். வடம் எங்க கால்மாட்டுல போகுது. ஒருத்தரும் குனியல. எங்க வீட்டுக்காரரு கை தானா நெத்திக்குப் போச்சு.

கனி முன்னால வந்து நின்னா. அண்ணாந்து பாத்துக் கேட்டா: "அய்யா! தொடலாமா?"

மேல தர்மகர்த்தா சாமரத்தக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்காரு. தேரு இன்னும் ஒரு வீடு தாண்டிப் போச்சு. பின்னால நாலு வீதிக் கூட்டமும் நொண்டிக்கிட்டும் வாய்க்கால் தண்ணி சொட்டச் சொட்டவும் ஓடி வந்து தெரு முக்குல நிக்கிது.

"தொடலாமான்னு கேக்கேன்!"

"பிடிங்க! யாராவது பிடிங்க!"

"யாராவதுன்னா யாரு அய்யா? ஊரு கேக்கட்டும், சொல்லுங்க!"

குருக்களுக்குப் பொறுமை போச்சு. "ஓய், சொல்லித் தொலையும்! ஓடை வந்துடுத்து!"ன்னு அவரு கத்துன கத்து எங்களுக்கே கேட்டுச்சு. அப்பத்தான் திருமலைக்கொழுந்து வாயத் திறந்தாரு. "ஓடக்கரத்தெருக்காரங்க பிடிங்க! டாக்டரம்மா, உங்க ஆளுகளப் பிடிக்கச் சொல்லுங்கம்மா! தொடுங்க, பிடிங்க, விட்டுராதீங்க!"

எங்க வீட்டுக்காரருதான் முதல்ல பாஞ்சாரு. பெறகு யாரு யாருன்னு பாக்கிறதுக்கில்ல, ஆம்பளை பொம்பளை, சமஞ்ச பிள்ளைக, பிள்ளத்தாச்சி கூட வடத்து நுனியில ஒரு கையப் போட்டுட்டா. நான் பிடிச்சேன். சணலும் எண்ணெயுமா ஒரு வாசம், கை எல்லாம் எரியுது, இதுக்கா இத்தன காலம், இந்தக் கயித்துக்கான்னு எனக்குக் கோவமும் சிரிப்புமா வருது, அழுதுக்கிட்டே இழுக்கேன். தேரு நின்னுச்சு. காத்து மேல இழுக்கு, நாங்க கீழ இழுக்கோம், எவரும் யாரு முதல்லன்னு கேக்கல, எவரும் விடல. அப்படியே மல்லுக்கட்டி நிக்கையில மலையில இருந்து சாரல் எறங்குச்சு. பூந்தூறலா ஆரம்பிச்சுப் பிடி பிடின்னு பிடிச்சிருச்சு. மரம் குடிச்சுது. சக்கரம் குடிச்சுது, அச்சு குடிச்சுது, யாளி வாயத் திறந்து குடிச்சுது, எங்க காதுக்கே மடக்கு மடக்குன்னு கேட்டுச்சு. வடம் பையத் தளர்ந்துச்சு. தேரு ஒரு சாண் ஒரு சாணா எறங்கி, எங்க தெரு நடுவுல, எங்க வாசலுக்கு நேரா, முகத்த எங்க பக்கம் வச்சு உக்காந்துச்சு.

இம்புட்டுக் கிட்டத்துல அம்மைய நாங்க பாத்ததில்ல, மூக்குத்திக் கல்லு மழையில மினுங்குது.

தேரு ஒரு வாசல்ல நின்னா அந்த வீட்டுக்காரங்க தேங்காய் பழத்தட்டு நீட்டணும், குருக்கள் பேரு நட்சத்திரம் கேட்டு அர்ச்சனை பண்ணணும், ரதவீதியில எல்லாம் அப்படித்தான். எங்க தெருவுல தட்டு யாருகிட்ட இருக்கு? எங்களுக்கு எதுக்குத் தட்டு? நான் உள்ள ஓடிச் சாப்பிடுற வட்டில்ல சட்னிக்கு வச்சிருந்த தேங்காயையும் பிள்ளைக்கு வாங்குன வாழப்பழத்தையும் வச்சுக் கொண்டாந்து நீட்டுனேன். குருக்கள் ஒரு நிமிசம் தர்மகர்த்தா மூஞ்சியப் பாத்தாரு. குனிஞ்சு வட்டில வாங்கிக்கிட்டாரு.

"பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ"ன்னாரு.

கனியப் பிடிச்சு முன்னால தள்ளுனேன். எந்த மேடையிலயும் தடுமாறாத பிள்ள, கை ரெண்டும் கொப்புளிச்சுப் போயி, பேரச் சொல்ல மறந்து நிக்கா. கண்ணு மட்டும் அம்மை முகத்த விட்டு எறங்கல. அவ பொறந்த அன்னைக்கு எங்க தெருவுல சாதகம் எழுத யாரு வந்தா, எவன் நாளப் பாத்தான்?

நான்தான் சொன்னேன். "பேரு பேச்சிக்கனி, சாமி. நட்சத்திரம் தெரியாது. இன்னைக்கு என்ன நட்சத்திரமோ, அதையே போட்டுக்கிடுங்க."